கிறிஸ்மஸ் பெட்டிக்கு இத்தாலிய பிஸ்கட்: எது எந்த ஊர்ச் சாமான், நம்ம மலைநாட்டு ஈரத்தில் எது தாங்கும்?

கொட்டகலைக்காரி

வணக்கம். வீட்டிலிருந்தே கேக்கும் பட்டர் பிஸ்கட்டும் செய்து ஓடருக்குக் கொடுக்கிறேன். கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வழக்கமாக வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்த டிசம்பருக்கு இத்தாலிய பிஸ்கட் கலந்து ஒரு பெட்டி போடலாம் என்று யோசனை. மிலானில் வேலை செய்கிற எங்கள் அண்ணி லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியைத் திறந்ததிலிருந்து இந்த ஆசை விடவில்லை. ஒன்று பல்லுக்கே சவால் விடுகிற கடினம், ஒன்று வாயில் வைத்ததும் கரைகிறது, ஒன்றில் எள்ளு, ஒன்றில் சோள மா. எது எந்த ஊர் என்று அண்ணியிடம் கேட்டால், எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியதுதான் என்கிறார்.

பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டுத்தாள் வைக்கப் போகிறேன், இது இன்ன ஊர், இதில் இன்னது இருக்கிறது என்று. அதனால் தப்பாக எழுதக் கூடாது. தேடிப் பார்த்தால் ஒரே பிஸ்கட்டுக்கு இரண்டு மூன்று ஊர் உரிமை கொண்டாடுகிறது.

அடுத்தது பாதாம். இன்றைய விலையில் பாதி பெட்டிக்கு மேல் பாதாம் போட்டால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். கஜு போட்டால் சரிவருமா, கச்சான்?

முக்கியமான பிரச்சினை ஈரம். அமரெத்தி, அதாவது பாதாமும் சீனியும் முட்டை வெள்ளையும் போட்ட பிஸ்கட், செய்து பார்த்தேன். எடுக்கும்போது மொறுமொறுவென்று, மேலே வெடிப்பும் அழகாக விழுந்திருந்தது. பின்னேரம் பனிமூட்டம் இறங்கி ஜன்னல் கண்ணாடி வியர்த்த நேரத்துக்குத் தட்டில் இருந்ததெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது, தூக்கினால் அடிப்பக்கம் தாளிலேயே நிற்கிறது. இதை எப்படி விற்பது?

என்னிடம் இருப்பது சின்ன கரண்ட் அவன், மேலும் கீழும் கம்பி, ஃபேன் கிடையாது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நுவரெலியா போறணை

தங்கச்சி, நான் ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், இப்போது நுவரெலியாவில் சின்ன அளவில் செய்கிறேன். செய்முறைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் ஒவ்வொரு பிஸ்கட்டும் அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைத்த சாமானிலிருந்து வந்தது. பீட்மாண்ட் மலைகளில் ஹேசல்நட் காய்க்கிறது, அதனால் அங்கே ஹேசல்நட் பிஸ்கட். வெனிஸ் பக்கம் சோளம் விளைந்தது, அதனால் சோள மா. சிசிலியில் எள்ளும் பாதாமும். நீங்களும் படத்தைப் பார்த்துத் தொடங்காமல் உங்கள் கடைத்தெருவிலிருந்து தொடங்கினால் விலைப் பிரச்சினை பாதி தீரும். எந்தப் பிராந்தியத்தின் சாமான் நம்ம ஊரிலும் கிடைக்கிறதோ அந்தப் பிராந்தியத்தின் பிஸ்கட்டை எடுங்கள். பாதாம் பிஸ்கட்டில் பாதாமைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைத் திணிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

பாதாமுக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குங்கள், அது கந்தூச்சிக்கு. டஸ்கனியில் பிராத்தோ என்ற ஊர்ச் சாமான் அது. அங்கே அந்தோனியோ மத்தேய் 1858இல் தொடங்கிய கடை இன்றைக்கும் நடக்கிறது, நீலத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். 1867 பாரிஸ் கண்காட்சியில் சிறப்புப் பாராட்டு வாங்கிய பிஸ்கட். பழைய முறையில் பட்டரும் இல்லை, எண்ணெயும் இல்லை. மா, சீனி, முட்டை, தோல் உரிக்காத பாதாம், கொஞ்சம் பைன் கொட்டை, அவ்வளவுதான். பைன் கொட்டையை நாம் விட்டுவிடலாம்.

இது ஏன் நம்ம ஊருக்குப் பொருந்தும் என்றால், வீட்டு முறையில் இதை இரண்டு தரம் சுடுகிறோம். கொழுப்பு இல்லாத மாவை முதலில் நீளக் கட்டையாகச் சுட்டு, வெட்டி, திரும்பவும் காய வைக்கிறோம். உள்ளே ஈரமே மிஞ்சாது. வெளியிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறினாலும் பத்து நிமிஷம் அவனில் வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும், அமரெத்தியை அப்படி மீட்க முடியாது.

அளவு: கோதுமை மா 500 கிராம், சீனி 300, முட்டை பெரிதாக 4, பாதாம் 250, உப்பு ஒரு சிட்டிகை, தோடம்பழத் தோல் துருவியது. நம்ம கோதுமை மா பாணுக்கும் ரொட்டிக்கும் சரி, பிஸ்கட்டுக்குக் கொஞ்சம் இழுவை கூட, அதனால் 500இல் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குக் கோர்ன்ஃப்ளவர் போடுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, பவுடர் போட்டால் கட்டை வேகமாகப் பொங்கி நடுவில் பிளந்துவிடும், வெட்டும்போது உதிரும்.

மா கையில் ஒட்டும். அதற்குப் பயந்து மேலும் மா சேர்க்க வேண்டாம், கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். 4 சென்டிமீட்டர் அகலம் போதும், சுடும்போது விரியும். 180 டிகிரியில் 20, 25 நிமிஷம், மேலே இளம் பொன்னிறம் வந்தால் எடுத்துவிடுங்கள். இனி கவனம்: உடனே வெட்டினால் நசுங்கும், முழுக்க ஆறவிட்டால் நொறுங்கும். ஒரு பத்து நிமிஷம் விட்டு, கை வைத்தால் சூடு பொறுக்கிற நிலையில், பல் உள்ள பாண் கத்தியால் முதலில் மேல்தோலை மட்டும் இரண்டு இழுப்பு அறுத்துவிட்டு, பிறகு கத்தியை நேராகக் கீழே அழுத்துங்கள். அறுத்துக்கொண்டே போனால் பாதாம் கத்தியோடு இழுபட்டு பிஸ்கட் இரண்டாகும். அழுத்தினால் பாதாம் சுத்தமாக வெட்டுப்படும், வெள்ளை வட்டம் தெரியும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம், சாய்வாக. பிறகு 150 டிகிரியில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காய வையுங்கள்.

உங்கள் அவனில் ஃபேன் இல்லாததால் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான், நடுத் தட்டில், பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். குமிழில் இருக்கிற நம்பரை நம்ப வேண்டாம், உள்ளே வைக்கிற தேர்மோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

டஸ்கனியில் இதை வின் சாந்தோ என்ற இனிப்பு வைனில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நம்ம ஆட்களுக்குப் பால் போடாத நல்ல சாயத் தேத்தண்ணி. டிம்புள்ளைப் பக்கத் தேயிலையோடு இது சேருகிற சேர்த்தி, குடித்துப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

பண்டாரவளை அக்கா

போறணைத் தம்பி சொன்ன வழி சரியான வழி. அதே வழியில் நான் இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன், இரண்டுக்கும் பாதாம் தேவையில்லை.

ஒன்று சிசிலியின் எள்ளு பிஸ்கட், பலெர்மோ பக்கம் ரெஜீனா என்பார்கள். சிசிலியில் அரபியர் ஆட்சி 827இல் தொடங்கி 11ஆம் நூற்றாண்டு வரை நடந்தது, அந்தத் தீவின் இனிப்புகளில் எள்ளும் கரும்புச் சீனியும் இவ்வளவு இருப்பது அந்தக் காலத்தின் தடம். எள்ளு நமக்குப் புதிதா? எள்ளுருண்டை தெரியாத வீடு உண்டா? ஆகவே உங்கள் பெட்டியில் முதலில் காலியாகப் போவது இதுதான், நான் எழுதியே தருகிறேன்.

மா 500 கிராம், சீனி 150, பட்டர் 150, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, தேசிக்காய்த் தோல், பிசைய வேண்டிய அளவு பால். அங்கே பட்டருக்குப் பதில் பன்றிக் கொழுப்பும் போடுவார்கள், நாம் பட்டரோடு நிற்கலாம். விரல் கனத்தில் உருட்டி 5 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, பாலில் நனைத்து, எள்ளில் உருட்டவேண்டும். எள்ளைக் கழுவி நன்றாகக் காய வைத்து எடுங்கள், மண் இருந்தால் ஒரு கடியிலேயே பெட்டியின் பேர் கெட்டுவிடும். ஆனால் வறுக்க வேண்டாம், அவனிலேயே வறுபடும், முன்கூட்டி வறுத்தால் கசக்கும். 200 டிகிரியில் வைத்து எள்ளு நல்ல தேன் நிறத்துக்கு வரும்வரை விடுங்கள், வெளிறிய நிலையில் எடுத்தால் உள்ளே பச்சை மணம் நிற்கும். பிறகு சூட்டை 140க்கு இறக்கி உள்ளே காயும்வரை வைக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை, அப்புறம் அடுத்த நாளே மெத்தென்று போய்விட்டது என்கிறார்கள்.

இரண்டாவது வெனிஸ் பக்கத்துச் சாலெத்தி. மஞ்சள் சோள மாவும் காய்ந்த திராட்சையும் போட்ட, சாய்சதுர வடிவ பிஸ்கட். சோளம் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பிறகு வெனிஸ் ஆட்சியிலிருந்த நிலங்களில் ஊன்றிக்கொண்டது, ஏழைகளின் சாப்பாடே சோளக் களியாகிவிட்டது. அந்த வீடுகளின் பிஸ்கட் இது. நமக்கு மொனராகலை, பதுளை மாவட்டங்களில் சோளம் விளைகிறது. காய்ந்த சோளத்தை மில்லில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கோர்ன்ஃப்ளவர் என்று விற்கிற வெள்ளை மாவை இதற்குப் போடக் கூடாது, அது வேறு சாமான், மஞ்சள் நிறமும் வராது, அந்தக் குருணைக் கடியும் வராது.

சோள மா 200, கோதுமை மா 200, பட்டர் 120, சீனி 120, முட்டை 2, திராட்சை 100 கிராம். பிசைந்த மாவை அரை மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும், அப்போதுதான் சோளக் குருணை ஈரத்தை இழுத்து மெதுவாகும், இல்லாவிட்டால் வாயில் மணல் மணலாகத் தட்டும். அங்கே திராட்சையைக் கிராப்பா என்ற சாராயத்தில் ஊற வைப்பார்கள். நான் சூடான கட்டிச் சாயத்தில் ஊற வைக்கிறேன், திராட்சை நன்றாக உப்பி, ஒரு துவர்ப்பும் சேர்கிறது. ஊறியதைப் பிழிந்து துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மாத்தளை நானா

நல்ல பதிவு. தங்கச்சியிடம் ஒரு வேண்டுகோள், மற்றவர்களிடம் ஒரு கேள்வி.

வேண்டுகோள்: பெட்டி எல்லா வீட்டுக்கும் போகும். எங்கள் முஸ்லிம் வீடுகளுக்கும் வரும். வைன், சாராயம், பன்றிக் கொழுப்பு இவை சுடும்போது போய்விடும், கொஞ்சம்தானே என்று சிலர் சொல்கிறார்கள், எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. துண்டுத்தாளில் எழுதும்போது அந்த மூன்றும் இல்லை என்று தெளிவாகப் போடுங்கள். வெனிலா எசென்ஸ் போத்தலிலும் அல்கஹோல் இருக்கலாம், அக்கா சொன்ன மாதிரி பழத்தோல் துருவிப் போட்டால் அந்தப் பேச்சே வராது, மணமும் அதுதான் நல்லது.

கேள்வி: சீனி சாப்பிடாத ஆட்களுக்கு ஏதாவது உப்பு பிஸ்கட் உண்டா அந்த நாட்டில்? என் உம்மாவுக்குச் சீனி வியாதி, பெட்டி திறக்கும்போது அவர் கைக்கும் ஒன்று வேண்டும்.

நுவரெலியா போறணை

நானா, இருக்கிறது. தரல்லி. தெற்கே புலியா பிராந்தியத்துச் சாமான், சின்ன வளையம், சீனியே இல்லாமல் செய்வார்கள். மா 500 கிராம், ஒலிவ் எண்ணெய் 125 மில்லி, வெள்ளை வைன் 200 மில்லி, உப்பு 10 கிராம், பெருஞ்சீரகம். வைனுக்குப் பதில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாதி தேசிக்காய் பிழிந்து ஊற்றுங்கள், அந்தப் புளிப்புதான் அதில் வேண்டியது. முட்டை இல்லை, பால் இல்லை, அதனால் வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கிற வீடுகளுக்கும் கொடுக்கலாம். சீனி இல்லாவிட்டாலும் மா மாதான், உம்மாவுக்கு அளவாகக் கொடுங்கள்.

இதில் ஒரு வேலை அதிகம். வளையத்தைச் சுடுவதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டும், அடியில் போய் மேலே மிதந்து வந்ததும் வடித்து, துணியில் பரப்பி ஈரம் போகக் காய வைத்து, பிறகு 200 டிகிரியில் அரை மணித்தியாலம் வரை. அவிப்பதால்தான் மேலே அந்தப் பளபளப்பும், கடித்தால் கடக்கென்று உடைகிற தன்மையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, கொட்டகலையில் அதைவிட ஓரிரண்டு டிகிரி கூட இருக்கும். மிதந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் மேல்தோல் சரியாக வேகும். நேப்பிள்ஸ் பக்கத்துத் தரல்லி வேறு மாதிரி, பன்றிக் கொழுப்பும் மிளகும் பாதாமும் போட்டது, அதை இந்தப் பெட்டிக்கு எடுக்க வேண்டாம்.

தலவாக்கலை ஜூனியர்

அண்ணா, ஒரு மாற்றுக் கருத்து. கந்தூச்சியில் பட்டர் போடாமல் செய்தால் நம்ம ஆட்களுக்குப் பல்லு நோகிறது என்கிறார்கள். நான் 500 கிராம் மாவுக்கு 100 கிராம் பட்டர் போட்டு, சொக்லட் துண்டும் கலந்து விற்கிறேன், நன்றாகப் போகிறது. வாங்குகிறவருக்குப் பிடித்தால் அதுதானே சரி? அதே மாதிரி பாதாமுக்குப் பதில் கஜு போட்டு அமரெத்தி செய்தேன், அதையும் விரும்பி வாங்குகிறார்கள். ஊர் வரலாறு எல்லாம் சரி, ஆனால் சாப்பிடுகிறவர் துண்டுத்தாளையா சாப்பிடப் போகிறார்?

பண்டாரவளை அக்கா

தம்பி, விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை, தாராளமாக விற்கலாம். ஆனால் அதைப் பிராத்தோ பிஸ்கட் என்று துண்டுத்தாளில் எழுதினால் தப்பு. பட்டர் போட்டதும் அது தோய்த்துச் சாப்பிடுகிற பிஸ்கட்டாக இல்லாமல் போகிறது, சாயத்தில் முக்கினால் முனை கரைந்து கோப்பைக்குள் விழும். அந்தக் கடினம் வேண்டுமென்றே வைத்த கடினம், தோய்த்தால் இளகும், அதன் பிறகும் உள்ளே ஒரு கடி நிற்கும். பல்லு நோகிறது என்கிறவர்களுக்கு எப்படிச் சாப்பிடுவது என்று துண்டுத்தாளில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நம்ம ஆட்கள் பாணையும் ரஸ்க்கையும் தேத்தண்ணியில் தோய்த்து வளர்ந்தவர்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

கஜு விஷயமும் அப்படித்தான். கஜுவில் மாச்சத்து பாதாமை விட அதிகம், சீக்கிரம் நிறம் பிடித்துக் கருகும், அரைத்தால் குருணையாக நிற்காமல் களியாகிவிடும். அதனால் சூட்டை 10, 15 டிகிரி குறைத்து, கையால் இடித்துப் போட்டால் நல்ல பிஸ்கட் வரும், அதை "கஜு பிஸ்கட்" என்றே சொல்லி விற்கலாமே. அமரெத்தியின் உயிர் அந்தக் கசப்பு மணம். அங்கே கசப்பு பாதாமோ அப்ரிகொட் விதைப் பருப்போ சேர்ப்பார்கள், அதிலிருந்துதான் அந்த மணம் வருகிறது. கஜுவில் அது எங்கே இருக்கிறது? ஆனால் ஒருவரும் கசப்பு பாதாமை வாங்கி வீட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம், பச்சையாக உள்ளே போனால் சயனைட் உண்டாகும். பாதாம் எசென்ஸ் போதும், நானா சொன்னபடி அல்கஹோல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கச்சானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் கொட்டகலைத் தங்கச்சி. கச்சான் மணம் எதோடும் ஒத்துப்போகாது, பெட்டி முழுக்கக் கச்சான் மணக்கும். வேண்டாம்.

நுவரெலியா போறணை

அக்கா சொன்னதோடு நான் முழு உடன்பாடு. ஜூனியர் தம்பி, துண்டுத்தாளைச் சாப்பிட மாட்டார்கள்தான், ஆனால் ஒரு ஊர்ப் பேரை எழுதினால் அந்த ஊர் ஆட்களுக்கு நாம் ஒரு மரியாதை செலுத்துகிறோம். நம்ம தேயிலையை எதெதோடோ கலந்துவிட்டு டிம்புள்ளை என்றோ ஊவா என்றோ பேர் போட்டு விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கோபம் அவர்களுக்கும் வரும், வருவது நியாயம்.

இனி அமரெத்தி. இதில் ஊர் தெரிந்தால் உங்கள் பிரச்சினைக்கு விடையும் கிடைக்கும். லொம்பார்டியில் சரோன்னோ என்ற ஊரின் அமரெத்தி மொறுமொறுப்பு வகை. லிகூரியாவில் சாசெல்லோ என்ற மலையூரின் அமரெத்தி மெத்தென்ற வகை, பீட்மாண்டின் மொம்பருட்சோவிலும் மெதுவானதுதான், ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மிட்டாய் சுற்றுகிற விதமாகச் சுற்றி வைப்பார்கள். மூன்று ஊரும் உரிமை கொண்டாடவில்லை, மூன்றும் வேறு வேறு பிஸ்கட். நீங்கள் செய்தது சரோன்னோ வகை. அதில் இருப்பது முட்டை வெள்ளையும் நிறையச் சீனியும், சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும், டிசம்பர் பனிமூட்டத்தில் கொட்டகலையில் அது நிற்கவே நிற்காது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. மெது வகையைச் செய்து தாளில் சுற்றிவிடுங்கள், ஈரம் ஏறினாலும் அது கெட்டுப்போனதாகத் தோன்றாது. அரைத்த பாதாம் 200, சீனி 200, முட்டை வெள்ளை இரண்டு, 160 டிகிரியில் நிறம் பிடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும்.

அதைவிட அழகு வேண்டுமானால் சியெனாவின் ரிச்சாரெல்லி. அதுவும் பாதாம்தான், நீள்வட்டமாக, ஐசிங் சீனியில் புரட்டி எடுத்தது, உள்ளே மெத்தென்று இருக்கும். சியெனாவில் கிறிஸ்மஸுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் 2010இலிருந்து "ரிச்சாரெல்லி தி சியெனா" என்ற பேருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாப்பு இருக்கிறது, ஆகவே துண்டுத்தாளில் "சியெனா முறையில் செய்தது" என்று எழுதுங்கள், சுத்தம்.

தவிர்க்க வேண்டியவை: சவோயார்தி, அதாவது திரமிசு என்ற இத்தாலிய இனிப்புக்கு அடியில் வைக்கிற நீள பிஸ்கட், வட மேற்கில் சவோய் அரச குடும்பத்தின் நாட்டுச் சாமான். அது பஞ்சு மாதிரி காற்று நிறைந்தது, எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு இரவு தாங்காது. அப்ருஸ்ஸோவின் பிட்ஸெல்லே அழகுதான், ஆனால் இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் மாவை அழுத்திச் சுட வேண்டும், நம்ம கொக்கிஸ் அச்சால் அது முடியாது. பீட்மாண்டின் தொர்தோனாவிலிருந்து வருகிற பாச்சி தி தாமா, இரண்டு குட்டி உருண்டைக்கு நடுவில் சொக்லட், ஹேசல்நட் கிடைத்தால் பிற்பாடு ஒரு நாள் செய்து பாருங்கள், பெட்டிக்குக் கட்டுப்படியாகாது.

பட்டர் பிஸ்கட்டில் கை பழகியவர் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன், க்ருமீரி. காசாலே மொன்ஃபெராத்தோ என்ற ஊரில் 1878இல் தொமெனிக்கோ ரோஸ்ஸி செய்தது, அந்த வருஷம் இறந்த அரசர் விட்டோரியோ இமானுவேலின் மீசை வடிவம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மா, சீனி, பட்டர், முட்டை, தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. நட்சத்திர முனை போட்ட பையால் பிழிந்து வளைத்து வைத்தால் சரி. தண்ணீர் இல்லாததால் நல்லாகக் காய்ந்து நிற்கும், சாமானும் எல்லாம் நம்ம கடையிலேயே இருக்கிறது.

கொட்டகலைக்காரி

எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் என் பெட்டி இது: கந்தூச்சி, ரெஜீனா, சாலெத்தி, க்ருமீரி, தரல்லி, கொஞ்சமாக மெது அமரெத்தி. நானா, வைனும் கொழுப்பும் இல்லை என்று கட்டாயம் எழுதுகிறேன், உம்மாவுக்குத் தரல்லி தனிப் பொட்டலமாகவே வரும்.

ஒன்று மட்டும் மிச்சம். இவ்வளவையும் ஒரே பெட்டியில் எப்படி அடுக்குவது? முதல் ஓடரை டிசம்பர் 20க்குக் கொடுக்கவேண்டும், எதை முதலில் செய்வது?

பண்டாரவளை அக்கா

அமரெத்தியை மற்றதோடு திறந்து வைக்கவே வைக்காதீர்கள். மெது பிஸ்கட்டின் ஈரம் பக்கத்திலிருக்கிற காய்ந்த பிஸ்கட்டுக்குப் போகும், இரண்டு நாளில் அமரெத்தி இறுகியும் கந்தூச்சி நமுத்தும் இருக்கும். ஒவ்வொரு அமரெத்தியையும் மெழுகுத் தாளில் சுற்றி, அதையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு முடிந்துவிடுங்கள். எள்ளு மணம் பரவும், ரெஜீனாவும் தனி உறை.

காய்ந்தது முதலில். கந்தூச்சியும் தரல்லியும் 10ஆம் தேதி வாக்கில் சுட்டு, முழுக்க ஆறிய பிறகு இறுக்கமான மூடியுள்ள தகர ரின்னில் போடலாம். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீரே திரும்ப விழும். ஆறுகிற நேரத்தில் குசினிக் கதவைச் சாத்திவிடுங்கள், பக்கத்தில் சோறு வடிக்க வேண்டாம். ரெஜீனா, க்ருமீரி 15 வாக்கில். சாலெத்தியும் அமரெத்தியும் 18, 19இல். கொடுக்கிற நாள் காலையில் கந்தூச்சியை மட்டும் 140 டிகிரியில் பத்து நிமிஷம் காட்டி, ஆறவிட்டு அடுக்குங்கள். மட்டைப் பெட்டியானால் உள்ளே முழுக்க மெழுகுத் தாள் விரித்து, மூடிய பிறகு விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். பண்டாரவளைக்கும் இரண்டு பெட்டி எழுதிக்கொள்ளுங்கள் தங்கச்சி, ரயிலில் வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிட்டால் ஸ்டேஷனில் நான் எடுத்துக்கொள்கிறேன்.